அம்மாவுக்கு, ஃப்ரிட்ஜ்ல இருக்கிற லில்லி பத்தி

அன்புள்ள அம்மாவுக்கு,

போன்ல நீ "கடையில கிழங்கு கிடைக்குமாமே, அப்புறம் எதுக்குடி விதை போட்டு வருஷக்கணக்கா உக்காந்திருக்கே"ன்னு கேட்டப்ப சிரிச்சு மழுப்பிட்டேன், அதான் எழுதறேன். இங்க கனடால நவம்பர் கடைசின்னா நாலரைக்கே இருட்டிடுது, தோட்டம் பூரா பனிக்கு அடியில, கை சும்மா இருக்கு.

கிழங்கு வாங்கி நட்டா அட்டையில போட்டிருக்கிற அதே பூதான் பூக்கும். கலப்பு விதைன்னா ஒரே காய்ல வந்தது ஒவ்வொண்ணும் ஒரு தினுசு, நீ பெத்த மூணும் மூணு குணம் இல்லையா, அந்த மாதிரி.

ஜூலைல எழுந்ததும் முதல் வேலை மொட்டு பாக்கறதுதான். நாளைக்கு விரியப் போற மொட்டை இன்னிக்கே மெல்ல பிரிச்சு உள்ள இருக்கிற ஆறு மகரந்தப் பையையும் கிள்ளி எடுத்துடணும், நடுத்தண்டு நுனி மூணு பிரிவா தடிச்சிருக்கும், அது பிசுபிசுன்னு ஆனதும் நமக்கு வேணுங்கிற செடியோட மகரந்தத்தைத் தடவி, மேல ஃபாயில்ல குட்டியா ஒரு தொப்பி மாட்டி, காம்புல சீட்டு கட்டணும். சீட்டுல அம்மாச் செடி பேர்தான் முதல்ல, அப்பா பேர் அப்புறம்தான், அதுதான் வழக்கமாம், உனக்குப் பிடிக்கும். மகரந்தம் துணியில பட்டா கறை லேசுல போகாது, இவரோட வெள்ளைச் சட்டை ஒண்ணு காலி. பக்கத்து வீட்டுப் பூனையை வேற விரட்டணும், அது மகரந்தத்தை நக்கினாலே கிட்னி போயிடும், அவ்வளவு விஷம்.

லில்லில ஏசியாடிக், ஓரியண்டல்னு ரெண்டு ஜாதி உண்டு, முதல் வருஷம் ஏசியாடிக் பூவுக்கு ஓரியண்டல் மகரந்தம் வெச்சேன், வாசனையும் வேணும் நிறமும் வேணும்னு பேராசை. காய் நல்லாத்தான் பெருத்துச்சு. பனி கொட்டறதுக்கு முன்னாடி அறுத்து உள்ள கொண்டு வந்து காயவெச்சுப் பிரிச்சா காசு அடுக்கின மாதிரி விதை, ஆனா லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாத்தா எல்லாம் வெறும் சருகு, நல்ல விதைன்னா நடுவுல கோடு மாதிரி கரு தெரியும். அந்த ரெண்டும் சாதாரணமா சேராதாம், லேப்ல கருவைத் தனியா எடுத்து வளர்த்தாதான் உண்டு. முன்னாடியே படிச்சிருக்கலாம், நான் எங்க படிச்சேன்.

அடுத்த வருஷம் அந்தந்த ஜாதிக்குள்ளயே சேர்த்தேன் (முறைக்காத, செடியில மட்டும்தான்). ஏசியாடிக் விதை போட்ட மூணு வாரத்துல வெங்காயத் தாள் மாதிரி வளைஞ்சு எட்டிப் பாத்துடுச்சு. ஓரியண்டல் ரெண்டு மாசமாகியும் மண்ணு மண்ணாவே இருக்கு, சரி செத்துப்போச்சுன்னு தொட்டியைக் குப்பையில கவுத்தேன், கவுத்த மண்ணுல வெள்ளை வெள்ளையா ஏதோ தெரியுது, குனிஞ்சு பாத்தா அரிசி சைஸ்ல கிழங்கு! அது முதல்ல ஒரு மூணு மாசம் இளஞ்சூட்டுல மண்ணுக்குள்ளயே கிழங்கு கட்டுமாம், அப்புறம் மூணு மாசம் குளிர் பட்டாதான் ஒரே ஒரு இலை விடுமாம். பனியில முட்டி போட்டு ஒவ்வொண்ணா பொறுக்கினேன், பதினேழு தேறிச்சு.

இதே நாட்டுக்கு 1912ல இங்கிலாந்துலேர்ந்து இசபெல்லா பிரஸ்டன்னு ஒருத்தி வந்து, 1916லயே ஒரு கலப்பு லில்லி உண்டாக்கினா. பின்னாடி ஆட்டவாவுல அரசாங்கப் பண்ணையில வேலை பாத்தப்ப, தன் லில்லிகளுக்கு அவ வெச்ச பேர் யாரோடதுன்னு நினைக்கறே? ஆபீஸ்ல ஸ்டெனோவா இருந்த பொண்ணுங்களோடது! எனக்கு அவளை ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

நீ பேர் கேட்டியே, ஒண்ணும் வைக்கல. இந்த ஜூலைல பூத்த முதல் ஏசியாடிக் துருப்பிடிச்ச தகரம் மாதிரி ஒரு ஆரஞ்சு, அதுக்குப் போய் உன் பேரை வெச்சா நீ விடுவியா. ஓரியண்டல் பூக்க இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும். பதினேழும் இந்தக் குளிருக்கும் ஈர மண்ணோட ஜிப்லாக் கவர்ல ஃப்ரிட்ஜ் கீழ்த் தட்டுல இருக்கு, மார்ச்ல எடுத்து நடணும், அதுவரைக்கும் இவரு அதைத் தூக்கிப் போடாம இருக்கணும்.

உன் பொண்ணு