இரண்டாவது பெயரை முன்கூட்டியே சொல்லுங்கள்

ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி இரண்டின் தேசியக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

நான் பென்சில்வேனியாவில், அலென்டவுன் நகரத்தில் வசிக்கும் ஒரு வாக்காளர். எங்கள் வீட்டில் அரசியல் பேசுவதும் அதற்காகச் சண்டை போடுவதும் தமிழில்தான், அதனால் இந்தக் கடிதத்தையும் தமிழிலேயே எழுதுகிறேன். 2028 தேர்தலுக்கான பெயர்கள் இப்போதே அடிபடத் தொடங்கிவிட்டன. அதிபர் வேட்பாளர் யார் என்பதை கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். என் கவலை அவருக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவரைப் பற்றியது.

நான் கேட்பது இவ்வளவுதான். துணை அதிபர் வேட்பாளர் யார் என்பதை, வேட்பாளர்களை முறையாக அறிவிக்கும் உங்கள் கட்சி மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். அந்த ஒரு மாதம் அவரை நாங்கள் கேள்வி கேட்க விடுங்கள்.

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் மாலைதான் எங்கள் மாநிலத்தில் பட்லர் என்ற ஊரில் டிரம்ப்பின் காதை உரசிக்கொண்டு ஒரு குண்டு போயிருந்தது. கூட்டத்தில் இருந்த ஒருவர் இறந்துபோனார். நான் வாக்காளராகப் பதிவு செய்யும் படிவங்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். எந்தக் கட்சிக்காகவும் போகவில்லை. ஒரு வீட்டில் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வலைக்கதவைப் பாதி திறந்து என்னைப் பார்த்தார். தன் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வெயிலில் நிற்க வேண்டாம் என்று திண்ணை நாற்காலியைக் காட்டினார். உள்ளே டிவியில் அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

"இதே மாதிரி வருகிற ஜனவரிக்கு அப்புறம் நடந்தால் நாட்டை யார் நடத்துவார்கள்?" என்று கேட்டார்.

ஒரு பக்கம் யார் என்று தெரியும், கமலா ஹாரிஸ் ஏற்கெனவே துணை அதிபராக இருக்கிறார். இன்னொரு பக்கம் யார் என்று நாளைக்குத் தொடங்கும் மாநாட்டில் சொல்வார்கள் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, 1963இல் அதிபர் கென்னடி சுடப்பட்ட வெள்ளிக்கிழமையன்று தான் வகுப்பறையில் இருந்ததாகவும், ஆசிரியை கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று அழுததாகவும் சொன்னார். வீட்டுக்கு வந்தபோது, துணை அதிபராக இருந்த ஜான்சன் அதிபராகிவிட்டார். "என் அப்பா ஓட்டுப் போட்டது ஒருவருக்கு. என் அண்ணனைப் போருக்கு அனுப்பியது இன்னொருவர்" என்றார். அந்த அண்ணன் திரும்பி வந்தாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கதவுக்குப் பின்னால் சுவரில் சீருடை அணிந்த ஓர் இளைஞரின் படம் தொங்கியது.

ஒரு வாரத்தில் ஜனநாயகக் கட்சிப் பக்கமும் காலியானது. ஜூலை 21ஆம் தேதி பைடன் தேர்தல் போட்டியிலிருந்து விலகினார். ஹாரிஸ் அதிபர் வேட்பாளர் ஆனார், அவருக்கு அடுத்த இடத்தில் யாரும் இல்லை. ஆகஸ்ட் 6ஆம் தேதிதான் டிம் வால்ஸின் பெயர் வந்தது. மொத்தம் பதினாறு நாள். பென்சில்வேனியா ஆளுநர் ஷபீரோ, அரிசோனா செனட்டர் கெல்லி, மினசோட்டா ஆளுநர் வால்ஸ் என்று மூன்று பேரை வரவழைத்து நேரில் பேசி ஒருவரை எடுத்தார்கள். அந்தப் பேச்சில் என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்பது வாக்காளர்களுக்குச் சொல்லப்படவில்லை.

அவசரம் என்று நீங்கள் சொல்லலாம். ஜனநாயகக் கட்சிக்கு அந்த ஆண்டு அவசரம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். குடியரசுக் கட்சிக்கு என்ன அவசரம்? வேட்பாளராவதற்குத் தேவையான அளவு மாநாட்டுப் பிரதிநிதிகள் மார்ச் 12ஆம் தேதியே டிரம்ப்புக்குக் கிடைத்துவிட்டார்கள். ஜே.டி. வான்ஸின் பெயர் வந்தது ஜூலை 15ஆம் தேதி, மாநாட்டின் முதல் நாளில். அந்த நான்கு மாதமும் வடக்கு டகோட்டா ஆளுநர் பர்கமா, புளோரிடா செனட்டர் ரூபியோவா, ஒஹையோ செனட்டர் வான்ஸா என்று எங்களை ஊகிக்க வைத்தீர்கள். 78 வயதானவருக்கு அடுத்த இடத்தில் வருகிறவர் செனட்டில் ஒன்றரை ஆண்டு மட்டுமே இருந்தவர். நல்லவராக இருக்கலாம், திறமைசாலியாக இருக்கலாம். அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள எங்களுக்கு நேரம் வேண்டாமா?

பதவிக்காலத்துக்கு நடுவில் துணை அதிபர் நாற்காலி ஒன்பது முறை அதிபர் நாற்காலியாக மாறியிருக்கிறது. எட்டு முறை மரணம், ஒரு முறை நிக்சனின் ராஜினாமா. 1945இல் ரூஸ்வெல்ட் இறந்தபோது ட்ரூமன் துணை அதிபராகி 82 நாள்தான் ஆகியிருந்தது. அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரமும் ஏப்ரல் 25ஆம் தேதிதான் அவர் முன் வைக்கப்பட்டது, அவர் பதவியேற்றுப் பதின்மூன்று நாள் கழித்து. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் ஒவ்வொரு தேர்தலிலும் இந்த இடத்தைக் கடைசி நேரத்தில் நிரப்புகிறீர்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

1973 அக்டோபரில் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ ராஜினாமா செய்தார். அதிபர் நிக்சன் அந்த இடத்துக்கு ஜெரால்ட் ஃபோர்டின் பெயரைச் சொன்னார். சொன்னவுடன் ஃபோர்டு துணை அதிபராகிவிடவில்லை. அரசியலமைப்பின் 25ஆவது திருத்தம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. விசாரித்தது. நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளின் குழுக்களும் அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டன. செனட்டில் 92க்கு 3, பிரதிநிதிகள் சபையில் 387க்கு 35 என்று வாக்கெடுப்பு நடந்த பிறகுதான் டிசம்பர் 6ஆம் தேதி பதவியேற்றார். ஏறக்குறைய எட்டு வாரம். அடுத்த ஆண்டு ஃபோர்டு அதிபரானபின் துணை அதிபராக வந்த நெல்சன் ராக்ஃபெல்லருக்கு நான்கு மாதம் ஆனது. நடுவில் வருகிறவருக்கு இவ்வளவு பரிசோதனை. தேர்தல் வழியாக வருகிறவரை மட்டும் ஒரே ஒருவர் ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார். மாநாட்டில் பிரதிநிதிகள் எழுந்து ஆரவாரம் செய்கிறார்கள், வேலை முடிந்தது.

எங்கள் பென்சில்வேனியாவில் துணை ஆளுநர் வேட்பாளரைக் கூட பிரைமரியில் தனியாக ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறோம். நாட்டின் இரண்டாவது பதவிக்கு எனக்கு அந்த உரிமை இல்லை. நவம்பரில் வாக்குச்சீட்டில் இரண்டு பெயருக்கும் சேர்த்து ஒரே ஒரு வட்டம். முதல் பெயர் பிடித்து இரண்டாவது பெயர் பிடிக்காதவர் என்ன செய்வார்? பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

2020 ஆகஸ்டில் கமலா ஹாரிஸின் பெயர் வந்தபோது எங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய அம்மா ஷியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர். மாநாட்டு உரையில் கமலா "சித்தி" என்று சொன்னபோது என் மனைவி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள். மன்னார்குடிப் பக்கமிருந்து என் மாமா போன் போட்டார், கமலாவின் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரம் அவருக்குப் பக்கத்து ஊர். அந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை. ஆனால் அவரையும் அதே மூடிய அறையில்தான் தேர்ந்தெடுத்தார்கள். எனக்குப் பிடித்தவர் வந்துவிட்டார் என்பதற்காக அந்த வழி சரியாகிவிடாது.

டிவியில் நடக்கும் விவாதங்களைப் பார்த்தால் இன்னும் வலிக்கிறது. இவரை எடுத்தால் அதிபரைத் தீர்மானிக்கும் தேர்வாளர் வாக்குகளில் பென்சில்வேனியாவின் 19, அவரை எடுத்தால் அரிசோனாவின் 11. நெருக்கடியில் இந்த மனிதர் எப்படி முடிவெடுப்பார் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் மாநிலத்தை ஒரு எண்ணாகவே பார்த்துப் பழகிவிட்டீர்கள். இங்கே ஆலைகள் மூடியது, மருத்துவச் செலவில் வீடு போனது எல்லாம் அந்த எண்ணுக்குள் எங்கே இருக்கிறது? சரி, அது வேறு ஒரு கடிதம். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

அவசரத் தேர்வு உங்களையும்தான் சுட்டிருக்கிறது. 1972இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கவர்ன், துணை அதிபர் வேட்பாளராக தாமஸ் ஈகிள்டனைச் சில மணி நேரத்தில் தேர்ந்தெடுத்தார். மன அழுத்தத்துக்காக அவர் மின் அதிர்ச்சிச் சிகிச்சை எடுத்துக்கொண்டது பிறகு தெரியவந்து, பதினெட்டே நாளில் விலக வேண்டியதாயிற்று. நோய்வாய்ப்படுவது குற்றமே இல்லை. ஒரு மாதம் இருந்திருந்தால் அவரே மக்களிடம் நிதானமாகப் பேசியிருக்கலாம், மக்களும் யோசித்திருக்கலாம். அந்த வாய்ப்பு அவருக்கும் மக்களுக்கும் கிடைக்கவில்லை.

அதிபருக்கும் துணை அதிபருக்கும் ஒத்துப்போக வேண்டும், அதனால் வேட்பாளரே தேர்ந்தெடுக்கட்டும் என்பீர்கள். தேர்ந்தெடுக்கட்டும். ஃபோர்டையும் நிக்சன்தான் தேர்ந்தெடுத்தார். மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பு பெயரைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். நான்கைந்து ஊர்களில் பொதுமக்கள் முன்னால் அவரை உட்காரவையுங்கள். அதற்கு அப்புறம் பிரதிநிதிகள் உண்மையாகவே வாக்களிக்கட்டும். இது புதிதும் இல்லை. 1956இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஸ்டீவன்சன் இந்தத் தேர்வை மாநாட்டுப் பிரதிநிதிகளிடமே விட்டார், கெஃபாவரும் கென்னடியும் மோதி இரண்டாவது சுற்றில் கெஃபாவர் வென்றார்.

2024இல் துணை அதிபர் வேட்பாளர்கள் இருவரும் நேருக்கு நேர் விவாதித்தது ஒரே ஒரு முறை, அக்டோபர் 1ஆம் தேதி. வால்ஸின் சொந்த மாநிலமான மினசோட்டாவில் செப்டம்பர் 20ஆம் தேதியே நேரில் வாக்களிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஓட்டுப் போட்ட பிறகு விவாதம் கேட்டவர்களிடம் என்ன சொல்வீர்கள்?

தயவுசெய்து 2028 மாநாட்டு விதிகளை எழுதும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடையிலும் நான் படிவங்களோடு அதே தெருவுக்குப் போவேன். அந்த அம்மா வலைக்கதவைத் திறந்து அதே கேள்வியைக் கேட்டால், இரண்டு பக்கத்துக்கும் பெயர் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பேரும் போரைப் பற்றி என்ன பதில் சொன்னார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மரியாதையுடன்,
அலென்டவுன் வாக்காளர் ஒருவர்