பெயர் தெரியாத அந்த நண்பருக்கு நன்றி

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் முதல் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, வழக்கமாக மே மாதவாக்கில் வரும். முழுப் பதிப்பு வர செப்டம்பர், அக்டோபர் ஆகிவிடும். நடுவில் நம் தரவை வைத்து ஓட்டிப் பார்த்துப் பிழை சொல்வதுதான் என்னைப் போன்றவர்களால் முடிந்த கைம்மாறு.

இந்த முறை டெபியன் 9 என்ற பழைய லினக்ஸ் பதிப்பில் ஓடிய சர்வரின் தரவுக் கோப்புகளை அப்படியே புது டெபியனுக்கு நகலெடுத்து, பீட்டாவுக்கு மாற்றினேன். பட்டியலில் கண்ணெதிரே இருக்கிற ஒரு பெயர், தேடினால் மட்டும் வரவில்லை. பீட்டாவின் பிழை என்றே புகார் எழுதிவிட்டேன்.

அதைப் பார்த்து நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "ரெண்டு மெஷின்லயும் ஜிலிப்சி எந்தப் பதிப்பு?" ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகம், எழுத்துகளின் வரிசையை போஸ்ட்கிரெஸ் வழக்கமாக அதனிடம்தான் கேட்கும், 2018இல் வந்த அதன் 2.28 பதிப்போடு எழுத்துகளை அடுக்கும் வரிசை மாறியது, பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) புது வரிசையில் தடம் மாறும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். இண்டெக்ஸைச் சரிபார்க்கும் ஆம்செக் கருவியை ஓட்டச் சொன்னீர்கள். நீங்கள் சந்தேகப்பட்ட அதே இண்டெக்ஸில் பிழை காட்டியது. அதைப் புதிதாகக் கட்டும் ரீஇண்டெக்ஸ் கட்டளையைக் கொடுத்தேன். அந்தப் பெயர் வந்து நின்றது!

அப்புறம், என் தவறான புகாரை எப்படித் திருத்தி எழுதுவது என்றும் கூடவே இருந்து காட்டினீர்கள். அதை மறக்கவே மாட்டேன். ரொம்ப நன்றிங்க.