அந்தக் கை அவளுடையது இல்லை

மதிப்பிற்குரிய காட்சிக்கூடப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கீழ்த்தளத்தில் நிற்கும் கிரேக்கப் பெண் தெய்வம் அதீனாவின் சிலையைப் பற்றி இந்த ஒரே ஆண்டில் உங்களுக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டையும் உங்கள் மொழியிலேயே, உங்கள் இணையதளப் படிவத்திலேயே, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். இரண்டுக்கும் ஒரே பதில்தான்: உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று. எந்தக் கருத்து என்பது அதில் இல்லை. சரி, எந்த மொழியில் எழுதினாலும் நீங்கள் படிக்கப் போவதில்லை என்றால் என் மொழியிலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். இங்கே வேறு யாராவது படிப்பார்கள்.

நான் புதிதாக எதுவும் கேட்கவில்லை. கூடத்தைப் புதுப்பிப்பதற்கு முன்பு அந்தச் சிலைக்குப் பக்கத்தில் ஓர் அட்டை இருந்தது. அதில் சிலையின் கோட்டுப்படம். எது பழைய கல், எது பின்னால் ஒட்டியது என்று நிழல் தீட்டிக் காட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டீர்கள். அதைத் திரும்ப வையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். வழக்கம்போல மடக்கு நாற்காலியைப் போட்டு வரைந்துகொண்டிருந்தேன். ஓர் அப்பாவும் எட்டு வயது இருக்கும் ஒரு பெண்ணும் வந்தார்கள். பெண் சிலையைச் சுற்ற முயன்றாள்; முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டீர்களே, முடியவில்லை. முன்னால் வந்து நின்று, "இவள் ஏன் கையை இப்படி நீட்டிக்கொண்டிருக்கிறாள்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அப்பா விடை தேடிக் குனிந்தார். நீங்கள் வைத்திருக்கும் புது அட்டை கணுக்கால் உயரத்தில், கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு படித்தார்: 'அதீனா. பளிங்கு. கி.பி. 2ஆம் நூற்றாண்டு. கிரேக்க மூலத்தின் உரோமானியப் படி.' கீழே ஒரு க்யூ.ஆர். கோடு. போனை நீட்டினார். கீழ்த்தளத்தில் சிக்னல் வராது என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை, உங்கள் காவலர்களே வீட்டுக்குப் பேச மாடிப்படி ஏறித்தான் போகிறார்கள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர், "யாரையோ கூப்பிடுகிறாள் போல" என்றார். பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள். "இல்லைப்பா, செல்ஃபி எடுக்கிறாள்."

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கை அப்படித்தான் இருக்கிறது.

அப்போது மூலையில் நின்ற காவலர் மெதுவாக வந்து, "அந்தக் கை அவளுடையது இல்லை, கண்ணு" என்றார். முழங்கைக்கு மேலே ஒரு மயிரிழைக் கோடு தெரிகிறது பார் என்று காட்டினார். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் 18ஆம் நூற்றாண்டில் உரோமில் ஒரு பட்டறையில் செய்து மாட்டியது, உடைந்த சிலையை அந்தக் காலத்துச் சீமான்கள் வாங்க மாட்டார்கள், அதனால் கை வைத்தார்கள், தலைகூட வேறொரு சிலையினுடையது, அவள் கையில் முன்பு ஈட்டி இருந்திருக்கலாம் என்றெல்லாம் சொன்னார். பெண் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவும் பழைய அட்டையில் இருந்தவை. இருபது ஆண்டுகள் அதன் பக்கத்திலேயே நின்றவர் அவர். இப்போது அந்த அட்டை அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார்.

ஒரு கைக்காக இவ்வளவு பேச்சா என்று நீங்கள் நினைக்கலாம். அதீனாவைப் பொறுத்தவரை கை மாறினால் ஆளே மாறிவிடுகிறாள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஈட்டியை ஓங்கிக்கொண்டு கேடயத்தோடு அடியெடுத்து வைத்தால் அவள் போர்முனையில் நிற்பவள். உள்ளங்கையில் வெற்றித் தேவதை நீக்கேயை ஏந்தினால் ஏதென்ஸில் அவளுக்கென்றே கட்டிய பார்த்தனான் கோயிலுக்குள் நின்றவள். கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் ஜீயஸ் கோயில் சிற்பப் பலகை ஒன்றில் அவளிடம் ஆயுதத்துக்கு வேலையே இல்லை: மாவீரன் ஹெராக்ளிஸ் தோளில் திண்டு வைத்துக்கொண்டு வானத்தைத் தாங்கித் திணறுகிறான், அவள் பின்னால் நின்று ஒற்றைக் கையை உயர்த்தி உதவுகிறாள். ஏதோ மேல்தட்டிலிருந்து பாத்திரம் எடுப்பதுபோல. அந்தக் கை உடைந்து, வேறொருவர் அங்கே ஒரு ஈட்டியைச் செருகியிருந்தால் கதையே போயிருக்கும். கையில் என்ன இருக்கிறது என்று பார்த்து எந்த அம்மன் என்று சொல்லும் ஊரில் வளர்ந்தவனுக்கு இது உறுத்தத்தான் செய்யும்.

பார்த்தனானுக்குள் ஃபீடியஸ் என்ற சிற்பி செய்து நிறுத்திய பெரிய அதீனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 438இல் கோயிலில் நிறுவப்பட்டது. தந்தமும் பொன்னும் பொதிந்து ஏறத்தாழ 12 மீட்டர் உயரம். அவள் மேல் இருந்த பொன் மட்டும் 40 தாலந்து, கிட்டத்தட்ட ஒரு டன், தேவைப்பட்டால் கழற்றிப் போருக்குச் செலவழிக்கலாம் என்று ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் மக்களிடம் சொன்னதாக வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். (கடவுளின் உடையை அடகு வைக்கக் கணக்குப் போட்ட நிதியமைச்சர்!) அந்தச் சிலையில் இன்று ஒரு துணுக்குகூட மிச்சமில்லை. அவள் எப்படி இருந்தாள் என்பது எப்படித் தெரியும்? பவுசானியாஸ் என்ற பழங்காலக் கிரேக்கப் பயணி நேரில் பார்த்து எழுதிய குறிப்பு ஒன்று. 1880இல் ஏதென்ஸில் வர்வாக்கியோன் பள்ளிக்கு அருகே கிடைத்த ஒரு மீட்டர் உயரச் சிலை இன்னொன்று. அது உரோமானியர் காலத்தில், கி.பி. 3ஆம் நூற்றாண்டில் செய்தது. அழகான வேலை என்று சொல்ல மாட்டேன். முகம் பொம்மைபோல, மடிப்புகள் விறைப்பாக. ஆனால் தலைக்கவசத்தின் நடுவே ஸ்ஃபிங்ஸ் என்ற சிங்க உடல் உருவம், கேடயத்துக்குள் பாம்பு, கையில் நீக்கே, அந்தக் கைக்கு அடியில் முட்டுக்கொடுத்த ஒரு தூண் என எல்லாம் இடத்தில் இருக்கின்றன. அந்தத் தூண் மூலச் சிலையிலும் இருந்ததா, படியெடுத்தவன் சேர்த்ததா என்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டே இருக்கிறார்கள். வாதாட முடிகிறது என்றால், யாரும் அதற்கு 'அழகான' புதுக் கை மாட்டிவிடவில்லை என்பதால்தான்.

மாட்டிய இடங்களும் உண்டு, அதை மறைக்காமல் சொன்ன இடங்களும் உண்டு. இத்தாலியின் அரெஸ்ஸோ ஊரில் 1541இல் கிடைத்த வெண்கல மினர்வாவுக்கு (அதீனாவின் உரோமானியப் பெயர் அது) 1785இல் ஒரு சிற்பி வலக்கை செய்து மாட்டினார். அவர் பெயர் கராடோரி என்பதுவரை பதிவில் இருக்கிறது. கிரேக்கத்தின் ஏகினாத் தீவில் உள்ள அஃபையா கோயில் முகப்புச் சிற்பங்களில், நடுவே அதீனா நிற்க இருபுறமும் வீரர்கள் சாகிறார்கள். அவற்றுக்கு 19ஆம் நூற்றாண்டில் தோர்வால்ட்சன் என்ற டென்மார்க் சிற்பி சேர்த்த தலை, கைகால்களை மியூனிக்கில் 1960களில் கழற்றியே விட்டார்கள். அது சரியா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. தோர்வால்ட்சனின் வேலையும் இப்போது ஒரு வரலாறுதானே. உங்களை நான் எதையும் கழற்றச் சொல்லவில்லை. ஒட்டியது எது என்று எழுதச் சொல்கிறேன். ஒரு அட்டை, ஒரு கோட்டுப்படம், கொஞ்சம் நிழல்.

தலை விஷயமும் அதுதான். 1890களில் ஃபுர்ட்வெங்லர் என்ற ஜெர்மன் அறிஞர், பொலோன்யாவில் இருந்த ஒரு தலையையும் டிரெஸ்டனில் இருந்த ஓர் உடலையும் சேர்த்து, ஃபீடியஸ் செய்த 'லெம்னிய அதீனா' என்ற சிலை இப்படித்தான் இருந்தது என்றார். தலைக்கவசம் இல்லாத, முடியை நாடாவால் கட்டிய அதீனா. ஒப்புக்கொண்டவர்களும் உண்டு, தலை அவளுடையதே இல்லை என்றவர்களும் உண்டு. தலை ஓர் ஊர், உடல் ஓர் ஊர் என்று வெளிப்படையாகத் தெரிந்ததால் அந்தச் சண்டையை நூறு ஆண்டுகளுக்கு மேல் போட முடிந்தது. உங்கள் கூடத்தில் சண்டை போடக்கூட வழியில்லை. எல்லாம் ஒரே கல் என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் போய்விடுகிறார்கள்.

அப்புறம் அந்த ஓட்டைகள். அவள் மார்பில் அணிந்திருக்கும் ஆட்டுத்தோல் காப்பின் ஓரத்தில் பதினொரு துளைகள் இருக்கின்றன, வரையும்போது எண்ணினேன். பூச்சி அரித்ததா என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அவற்றில் வெண்கலப் பாம்புகள் செருகியிருந்தன என்று பழைய அட்டையில் ஒரே வரி இருந்தது. நடுவே பாம்புத் தலைமுடி கொண்ட அரக்கி கோர்கனின் முகம், சுற்றிலும் நெளியும் உலோகப் பாம்புகள், கல்லின் மேல் நீலமும் சிவப்பும். ஆட்கள் பயந்து ஒதுங்க வேண்டிய உருவம் அது. இப்போது சலவைக்குப் போட்டு எடுத்ததுபோல வெள்ளையாக நிற்கிறாள்.

'உரோமானியப் படி' என்ற சொல்லையும் கொஞ்சம் யோசியுங்கள். உரோமானியர்கள் என்ன ஜெராக்ஸ் கடையா வைத்திருந்தார்கள்? அவர்களுக்கு அவள் மினர்வா. ஜூப்பிட்டருக்கும் ஜூனோவுக்கும் பக்கத்தில் உரோமின் கேபிடோல் குன்றுக் கோயிலில் உட்கார்ந்தவள். நெசவாளர்களும் ஆசிரியர்களும் மார்ச் மாதம் விழா எடுத்துக் கொண்டாடியவள். உரோமில் பேரரசர் நெர்வாவின் மன்றத்தில் மிஞ்சியிருக்கும் சிற்பப் பட்டையில் அவள் போர் செய்யவில்லை, தறிவேலை செய்யும் பெண்களிடையே நிற்கிறாள். பிரிட்டனுக்குப் போனபோது பாத் நகரத்து வெந்நீர் ஊற்றின் உள்ளூர்த் தேவதை சூலிஸோடு ஒன்றாகிப் போனாள். பொன் பூசிய அவளுடைய வெண்கலத் தலை 1727இல் சாக்கடை தோண்டும்போது கிடைத்தது, தலைக்கவசம் கிடைக்கவில்லை. இவ்வளவையும் 'படி' என்ற ஒரு சொல்லில் அடைத்துவிட்டுப் பக்கத்தில் க்யூ.ஆர். கோடு வைத்துவிட்டீர்கள்.

பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியைப் பற்றிப் பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். ஏதென்ஸில் அதீனாவுக்கு எடுத்த பனதேனியா விழாவின் போட்டியில் வென்றவனுக்கு எண்ணெய் நிரப்பிக் கொடுத்த சாடி அது. ஒரு பக்கம் இரண்டு தூண்களுக்கு நடுவே ஈட்டியோடு அதீனா, வெள்ளை பூசிய முகமும் கையும். மறுபக்கம் அவன் எந்தப் போட்டியில் வென்றான் என்ற படம், ஓட்டமா, மல்யுத்தமா, தேரோட்டமா என்று. அந்த மறுபக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். பின்னால் ஒரு கண்ணாடி வைத்தால் போதும், முகம் பார்க்கும் கண்ணாடிதான். புதுப்பிப்புக்கு ஆன செலவில் அதற்கு இடமில்லாமல் போயிற்றா? விளக்குகள் பிரமாதமாக இருக்கின்றன, மறுக்கவில்லை. எதைப் பார்க்கிறோம் என்பதுதான் தெரியவில்லை. ஆனால் மேல்தளத்தில் உங்கள் கடையில் விற்கும் ஆந்தைப் பொம்மையின் பெட்டியில் அதீனா யார், ஆந்தை ஏன் என்று நான்கு வரி அச்சடித்திருக்கிறீர்கள். கண் உயரத்தில். சிக்னலும் நன்றாகக் கிடைக்கிறது. தெய்வத்தைப் பற்றி அறிய விரும்புகிறவர் பொம்மை வாங்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு என்றால் அதையாவது நுழைவுச்சீட்டில் அச்சிட்டிருக்கலாம்.

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. உங்கள் அருங்காட்சியகத்தின் மீது எனக்குக் கோபம் மட்டும் இருந்தால் பதினோரு ஆண்டுகளாக ஆண்டுச்சந்தா கட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டேன்.

தயவுசெய்து அந்த அட்டையைத் திரும்ப வையுங்கள். க்யூ.ஆர். கோடு இருக்கட்டும், அதற்கு நான் எதிரி இல்லை. காகிதத்திலும் இருக்கட்டும். கணுக்காலில் வேண்டாம், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவரும் எட்டு வயதுக் குழந்தையும் படிக்கும் உயரத்தில் இருக்கட்டும். பழையதைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள் என்றால் கவலை வேண்டாம். அந்தக் கோட்டுப்படத்தை ஒரு மழைநாளில், வேறு வேலையில்லாமல், நிழல்களோடு அப்படியே என் வரைபுத்தகத்தில் பார்த்து வரைந்து வைத்திருக்கிறேன். எழுத்துப் பகுதிக்கு அந்தக் காவலரைக் கேளுங்கள், அவருக்கு வரி வரியாகத் தெரியும். ஆனால் அவர் ஓய்வு பெறுவதற்கு முன் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் கீழ்த்தளத்தில்தான் இருப்பேன். போன் செய்ய வேண்டாம், எடுக்காது.

பணிவுடன்,
மடக்கு நாற்காலியோடு வருபவன்