ஆறு சட்டமன்றத் தொகுதி இருக்கு, எம்பி தொகுதி எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பொறந்து வளர்ந்தது புதுக்கோட்டை டவுன், இருபது வருஷத்துக்கு மேல காரைக்குடியில கடை வச்சிருக்கேன். உங்க பேப்பர்ல தொகுதி மறுவரையறை பத்தி செய்தி வராத நாளே இல்ல, தமிழ்நாட்டுக்கு எத்தனை சீட்டு கூடும் எத்தனை குறையும்னுதான் எல்லாரும் பேசுறாங்க, அது பேச வேண்டிய விஷயந்தான். ஆனா போன தடவை கோடு மாத்தினப்ப சீட்டு கூடவும் இல்ல குறையவும் இல்ல, அதே 39தான், அப்படி இருந்தும் எங்க ஊரு தொகுதி காணாம போச்சு. அதைப் பத்தி யாரும் எழுதறதில்லங்கிறதாலதான் இந்த லெட்டர்.

இப்ப இருக்குற பிள்ளைகளுக்கு புதுக்கோட்டைன்னு ஒரு பார்லிமென்ட் தொகுதி இருந்ததே தெரியாது. எங்க அப்பா சொல்லுவாங்க, 1948 மார்ச் மாசம் சமஸ்தானம் இந்தியாவோட சேர்ந்துச்சு, அது வரைக்கும் ராஜா ஆட்சி, தனி கோர்ட்டு, அம்மன் காசுன்னு சொந்தக் காசு, சேர்ந்ததும் திருச்சி ஜில்லாவுல ஒரு டிவிஷனா ஆயிடுச்சு. நாலே வருஷத்துல 1952 எலெக்‌ஷன், டெல்லிக்கு ஆள் அனுப்ப முதல் தடவையா ஓட்டு. நாடே காங்கிரஸ் அலையில இருந்தப்ப எங்க ஊரு ஜனங்க கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியில நின்ன வக்கீல் முத்துசாமி வல்லத்தரசுவை அனுப்பினாங்க. சமஸ்தானத்து குடிகளா இருந்தவங்க முதல் ஓட்டையே இப்படிப் போட்டாங்கன்னு அப்பா சொல்லும்போது அவங்க குரலே மாறிடும்.

57ல காங்கிரஸ் ஆர். ராமநாதன் செட்டியார். 62லயும் 67லயும் உமாநாத், முதல்ல இந்திய கம்யூனிஸ்ட், நடுவுல 64ல கட்சி பிரிஞ்சதால ரெண்டாவது தடவை மார்க்சிஸ்ட். 71ல திமுக வீரையா, 77ல அதிமுக இளஞ்செழியன், 80ல காங்கிரஸ் வி.என். சுவாமிநாதன், அப்புறம் 84, 89, 91ன்னு மூணு தடவை சுந்தரராஜ். 96ல திருச்சி சிவா, 98ல ராஜா பரமசிவம், 99ல எம்ஜிஆர் அதிமுகங்கிற தனிக் கட்சியில திருநாவுக்கரசர், 2004ல ரகுபதி, அவரு மத்திய இணை அமைச்சராவும் இருந்தாரு. மொத்தம் 14 தேர்தல், ஏழு கட்சி. எந்தக் கட்சிக்கும் கோட்டையா இல்லாத ஊரு, ஒவ்வொரு தடவையும் ஜனங்ககிட்ட வந்து கேட்டே ஆகணும், அதுதான் அந்தத் தொகுதியோட அழகுன்னு நான் நினைக்கிறேன்.

2008ல குல்தீப் சிங் தலைமையில இருந்த தொகுதி மறுவரையறை கமிஷனோட உத்தரவு வந்துச்சு, 2001 சென்சஸ் கணக்கை வச்சு. 2009 எலெக்‌ஷன்ல பாத்தா புதுக்கோட்டைங்கிற பேரே லிஸ்ட்ல இல்ல. இப்ப எப்படின்னா, புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சி தொகுதியில, திருமயமும் ஆலங்குடியும் எங்க சிவகங்கையில, அறந்தாங்கி ராமநாதபுரத்துல, விராலிமலை கரூர்ல. ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர், நாலு எம்பி. விராலிமலைக்காரங்களும் திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூர்காரங்களும் ஒரே எம்பிக்கு ஓட்டு போடுறாங்க, அறந்தாங்கிக்காரங்களும் முதுகுளத்தூர்காரங்களும் ஒரே எம்பிக்கு. அந்த ஊர்க்காரங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, ஆனா இவங்களுக்கும் அவங்களுக்கும் சந்தை ஒண்ணா, பஸ்ஸு ஒண்ணா, ஆஸ்பத்திரி ஒண்ணா?

இதுல என் மனசை அறுக்கிறது ஒரு சின்ன கணக்குதான். தமிழ்நாட்டுல 234 சட்டமன்றத் தொகுதி, 39 எம்பி, வகுத்துப் பாருங்க, ஒரு எம்பிக்கு சரியா ஆறு. புதுக்கோட்டை மாவட்டத்துல எத்தனை? ஆறு. அதுவும் முன்னாடி அஞ்சுதான் இருந்துச்சு, அதே 2008 உத்தரவுலதான் குளத்தூரை எடுத்துட்டு விராலிமலை, கந்தர்வகோட்டைன்னு ரெண்டு புதுசா வந்து ஆறாச்சு. அதாவது ஒரு எம்பிக்கு வேண்டிய ஆறு எங்களுக்கு எப்ப சேர்ந்துச்சோ அதே உத்தரவுல எங்க எம்பியை எடுத்துட்டாங்க. பெரியகுளம் தொகுதி தேனின்னு ஆச்சு, சிவகாசி விருதுநகர்னு ஆச்சு, இப்படி சில இடத்துல மாவட்டத் தலைநகர் பேருக்கு தொகுதி வந்துச்சு, 1974லேருந்து மாவட்டத் தலைநகரா இருக்குற எங்க ஊருக்கு இருந்த பேரும் போச்சு.

ஜனத்தொகைப்படி ஓட்டு சமமா வரணும்னு பிரிச்சாங்க, பேருல என்ன இருக்குன்னு கேப்பாங்க, எங்கிட்டயே கேட்டிருக்காங்க. எம்பி நிதி வருஷத்துக்கு 5 கோடி, நாலு எம்பியும் ஆறுல ரெண்டு, ஆறுல ஒண்ணுன்னு பங்கு போட்டுக் குடுத்தா கூட்டிப்பாத்தா அதே 5 கோடிதான் வரும், காகிதத்துல சரி. ஆனா நாலு பேருக்கும் நாங்க கடைசி ஓரம். திருச்சி எம்பிக்கு திருச்சி டவுனே நாலு தொகுதி அளவுக்கு வேலை இருக்கு, கரூர் எம்பி கரூரைப் பாக்காம விராலிமலையை முதல்ல பாப்பாரா, அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது. எங்க சித்தப்பா அறந்தாங்கியில இருக்காங்க, ஆபரேஷன் செலவுக்கு பிரதமர் நிவாரண நிதிக்கு எழுத எம்பி லெட்டர் வேணும்னு, பழைய ஞாபகத்துல புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போயி விசாரிச்சாங்க, அங்க போனப்பறம்தான் ஒங்களுக்கு ராமநாதபுரம் எம்பின்னு தெரிஞ்சுது. உடம்பு முடியாத மனுஷன், அன்னைக்கு பூரா அலைஞ்சதுதான் மிச்சம்.

காரைக்குடிக்காரன் எதுக்கு இதைப் பேசணும்னு தோணலாம். செட்டிநாட்டு ஊருல நிறைய புதுக்கோட்டை மாவட்டத்துலதான இருக்கு, ராயவரம், கோனாபட்டு, பனையப்பட்டி, குழிபிறை, நாச்சாந்துபட்டி எல்லாம் அந்தப் பக்கந்தான். 2024ல காரைக்குடியும் புதுக்கோட்டையும் ஒரே சமயத்துல தனித்தனி மாநகராட்சி ஆச்சு, அன்னைக்கு எங்களுக்கு ரெண்டு வீட்டுலயும் விசேஷம் மாதிரி இருந்துச்சு. புதுக்கோட்டைக்கு மறுபடி தொகுதி வந்து திருமயமும் ஆலங்குடியும் அதுக்குப் போனா சிவகங்கையில நாலு தொகுதிதான் மிஞ்சும், அதுக்கு ரெண்டு எங்கேருந்து எடுக்கறதுன்னு ஒரு சிக்கல் வரும், அதை நான் மறைக்கலை. திருவாடானை முன்னாடி சிவகங்கை தொகுதியிலதான் இருந்துச்சு, அதைப் பத்தி யோசிக்கலாம், இன்னொன்னுக்கு வழி விவரம் தெரிஞ்சவங்க சொல்லணும்.

முக்கியமான விஷயம் இதுதான். அடுத்த மறுவரையறை வரும்போது கமிஷன் முதல்ல புது எல்லைகளோட டிராஃப்ட் வெளியிடும், அப்புறம் ஆட்சேபணை கேக்கும், பொதுக்கூட்டம் வச்சு ஜனங்க சொல்றதையும் கேக்கும், கடைசி உத்தரவு வந்துட்டா கோர்ட்டுல கேள்வி கேக்கறதும் ரொம்பக் கஷ்டம். பேச வேண்டிய நேரம் அந்த நடுவுல வர்ற கொஞ்ச நாள்தான். போன தடவை எங்க தெருவுல ஒருத்தருக்கும் டிராஃப்ட் வந்தது தெரியாது, நானும் தெரிஞ்சுக்கல.

அதனால உங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதான், அந்த டிராஃப்ட் வர்ற அன்னைக்கு புதுக்கோட்டை, சிவகங்கை எடிஷன்ல தாலுகா வாரியா, ஊர் பேரோட, எந்த ஊரு எந்தத் தொகுதிக்குப் போகுதுன்னு ஒரு முழுப் பக்கம் போடுங்க, ஆட்சேபணை குடுக்க கடைசி தேதி என்னைக்கு, எங்க குடுக்கணும்னும் பெரிய எழுத்துல போடுங்க. எங்க கடை வாசல்ல நானே ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்குடி