நான்கு படகு ஆணையைத் திரும்பப் பெறுங்கள்: ஏரி அனுமதி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர் பெருமக்களுக்கு,

வணக்கம். பழனி மலையின் மேல்மலைப் பகுதியில் வசித்துக்கொண்டு, இங்குள்ள ஏரியில் பயிற்சி பெற்று, ஆண்டுதோறும் கடலுக்குச் சென்று கயாக் என்னும் ஓராள் துடுப்புப் படகு செலுத்திவரும் குழுவினர் சார்பில் இம்மடலை எழுதுகிறோம். எந்த ஏரி, எந்த ஆணை, எந்த ஞாயிற்றுக்கிழமை என்பதைத் தங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் நான்கு துடுப்புப் படகுகளுக்கு மேல் நீரில் இருக்கக் கூடாது என்று படகுத்துறைக் கதவில் ஒட்டப்பட்ட அந்த ஒற்றைத் தாள் இன்றும் அங்கேதான் இருக்கிறது. அந்த ஆணையைத் திரும்பப் பெறுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. எங்கள் கூட்டுப் பயணங்களுக்கு வரம்பு வேண்டுமானால், அதைப் படகுகளின் எண்ணிக்கையைக் கொண்டு விதிக்காமல், உடன் வரும் பயிற்சி பெற்ற வழிநடத்துநர்களின் எண்ணிக்கையைக் கொண்டு விதியுங்கள்.

பாதுகாப்பு கருதியே இந்த ஆணை பிறப்பிக்கப்பட்டது என்று கூறப்பட்டது. பாதுகாப்பில் எங்களுக்கு அக்கறை இல்லை என்று எவரும் கருதிவிடக் கூடாது. நீரில் இறங்குவோர் நாங்கள், எங்கள் பிள்ளைகள். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததையும், கேரளத்தின் தானூரில் 2023 மே மாதம் 22 பேர் இறந்ததையும் நாங்கள் மறக்கவில்லை. அந்த இரு விபத்துகளிலும் தாங்க முடியாத அளவுக்கு மக்கள் ஒரே படகில் ஏற்றப்பட்டிருந்தனர். கயாக் என்பதோ வடதுருவப் பகுதியின் இனூயிட் வேட்டையர் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்துகொண்ட ஓராள் படகின் வழிவந்தது. அதில் ஒருவர் அமர்வார், அவர் உயிர்காப்பு உடை அணிந்திருப்பார், கவிழ்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் குளிர்ந்த நீரில் பலமுறை கவிழ்ந்து கற்றிருப்பார். ஒரே படகில் பலர் ஏறுவது ஆபத்து. பல படகுகளில் ஒவ்வொருவராகச் சேர்ந்து செல்வது அந்த ஆபத்துக்கு மருந்து. இவ்விரண்டையும் 'கூட்டம்' என்ற ஒரே சொல்லில் அடக்கியதில்தான் இந்த ஆணையின் பிழை இருக்கிறது.

பெரிய குழுவாகச் செல்வது எப்படி நடக்கிறது என்பதைத் தங்கள் அலுவலகத்திலிருந்து யாரேனும் ஒருமுறை வந்து பார்த்திருந்தால் இந்த மடலுக்கே தேவை வந்திருக்காது. முன்னே வழிநடத்துபவர் ஒருவர் செல்வார். அவரைத் தாண்டி யாரும் போவதில்லை. கடைசியில் அனுபவம் மிக்க ஒருவர் வருவார். அவருக்குப் பின்னால் யாரும் தங்குவதில்லை. இரு பக்கங்களிலும் இருவர் காவலாக வர, புதியவர்களும் வலுக் குறைந்தவர்களும் நடுவில் இருப்பார்கள். எல்லாரிலும் மெதுவாகச் செல்பவரின் வேகமே குழுவின் வேகம். துடுப்பை நெட்டுக்குத்தாக உயர்த்தினால் வரலாம் என்று பொருள், கிடையாக உயர்த்தினால் நிற்க வேண்டும், மூன்று முறை ஊதல் ஒலித்தால் யாரோ இடரில் இருக்கிறார். ஒருவர் கவிழ்ந்தால் அருகிலிருப்பவர் அந்தப் படகின் முனையைத் தம் படகின் மேல் இழுத்து நீரை வடித்து நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார். மற்றொருவர் தம் படகைச் சேர்த்து அணைத்து நிறுத்துவார். இன்னொருவர் மிதந்து செல்லும் துடுப்பை மீட்டு வருவார். எஞ்சியவர்கள் படகுகளைப் பக்கத்தோடு பக்கம் சேர்த்துப் பிடித்துத் தெப்பம்போல் நின்று புதியவர்களைக் காப்பார்கள். நான்கு படகுகள் மட்டுமே இருந்து அவற்றில் இரண்டு புதியவர்களுடையவையாக இருந்தால், இந்த வேலைகளில் எதை விடுவது என்பதைத் தாங்களே சொல்லுங்கள்.

இந்த ஒழுங்கை எங்களுக்குக் கற்றுத் தந்தது கடல். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மாசி பிறந்தபின், படகுகளை ஜீப்புகளின் மேல் கட்டிக்கொண்டு வத்தலக்குண்டு, மதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாகப் பாம்பனை அடைவோம். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வருவோர் அங்கே எங்களுடன் சேர்ந்துகொள்வார்கள். அந்தப் பெரும் பயணங்களைப் பற்றி எங்கள் உறுப்பினர்கள் இன்றும் சந்திக்கும் போதெல்லாம் பேசுகிறார்கள். பேசுவது தாம் எவ்வளவு தூரம் சென்றோம் என்பதை அல்ல, யாரோடு சென்றோம் என்பதை. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் அங்குள்ள மீனவர்கள் சொல்வார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எந்தப் பக்கம் இறங்கலாம், வாடைக் காலத்தில் எந்தப் பக்கம் இறங்கக் கூடாது என்பதையெல்லாம் அவர்கள் வாயிலாகவே அறிந்தோம். விடியலில் வண்ண வண்ணமாய் முப்பதுக்கும் மேற்பட்ட கயாக்குகள் ஒன்றாகக் கரையை விட்டு நீங்கும்போது, வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். ஆழமற்ற இடங்களில் கடற்புற்கள் நீரோட்டத்தில் சாய்வது படகுக்கு அடியில் தெளிவாகத் தெரியும். ஒருமுறை ஓங்கில் (டால்பின்) கூட்டம் ஒன்று குறுக்கே சென்றபோது, முன்னே சென்றவர் துடுப்பைக் கிடையாக உயர்த்த, ஒரு சொல்லும் இல்லாமல் அத்தனை படகுகளும் நின்றன. தனுஷ்கோடிக்கு அருகில் பூநாரைகள் கால் ஊன்றி நின்ற தண்ணீருக்கு வெகுதூரம் தள்ளியே அனைவரும் வளைந்து சென்றோம். எவரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. எங்கள் மலையைத் தாண்டாத பூம்பாறைப் பூண்டு விவசாயியின் மகன் ஒருவன், நடுவில் காவலுக்குள் அமர்ந்து முதன்முறையாகக் கடலில் துடுப்புப் போட்டதும் அத்தகைய பயணம் ஒன்றில்தான். இன்று அவனே மற்றவர்களுக்குப் பின்னால் கடைசிப் படகில் வருகிறான்.

அந்தக் கடலில் அனுமதி எளிதில் கிடைத்ததாகத் தாங்கள் எண்ண வேண்டாம். 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் வகுத்த இந்திய, இலங்கைக் கடல் எல்லை அங்கிருந்து தொலைவில் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் நினைத்தபடி இறங்க முடியாது. ஆகவே பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை நகல்கள், செல்லும் வழி, திரும்பும் நேரம், உதவிக்கு உடன் வரும் நாட்டுப் படகு என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். கேள்விகள் கேட்கப்பட்டன, விடை சொன்னோம், அனுமதி கிடைத்தது. எத்தனை படகுகள் என்று கேட்டவர்கள், அத்தனை படகுகளுக்கும் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்தே கேட்டார்கள். அந்த இரண்டாவது கேள்வியை இந்த மலையில் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கரைக்குக் கரை கூவினால் கேட்கும் ஏரியில் எங்களுக்கு அந்த மரியாதை மறுக்கப்பட்டதுதான் மனத்தை வருத்துகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இனிச் சொல்ல வேண்டும். கடலில் எங்களுக்கு வழிகாட்டிய மீனவ இளைஞர்கள் சிலர், எங்கள் அழைப்பை ஏற்று இரவுப் பேருந்தில் முதன்முறையாக மலையேறி வந்திருந்தனர். அவர்களோடு ஏரியை ஒரே அணியாகச் சுற்றிவர வேண்டும் என்பது நீண்ட நாள் விருப்பம். அதற்கான கடிதமும் முன்கூட்டியே தங்கள் அலுவலகத்தில் கொடுக்கப்பட்டிருந்தது. காலையில் படகுத்துறைக்கு வந்தபோதுதான் கதவில் தாள் ஒட்டப்பட்டிருந்ததைக் கண்டோம். நான்கு நான்காகச் செல்லுங்கள், முந்தைய நால்வர் கரையேறிய பிறகே அடுத்தவர்கள் இறங்க வேண்டும் என்று காவலர் சொன்னார். அவர் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. தமக்குச் சொல்லப்பட்டதை அவர் செய்தார்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது; நாங்கள் அனைவரும் அவரை டீச்சரம்மா என்றே அழைக்கிறோம். மேல்மலைக் கிராமங்களில் அவரிடம் எழுத்துக் கற்றவர்களே எங்களில் பாதிப் பேர். பணிக்காலம் முடிந்த பிறகே அவர் துடுப்பைப் பிடித்தார். வலது தோள் அவருக்கு முழுதாக ஒத்துழைப்பதில்லை. பெரிய குழுவின் நடுவில் அவரால் நிதானமாக ஏரியைச் சுற்றிவர முடியும். களைத்தால் பக்கத்துப் படகைப் பிடித்துக்கொண்டு சற்று ஓய்வெடுப்பார், யாருக்கும் அது சுமையாக இருந்ததில்லை. நால்வர் அணியில் அவருக்கு இடம் கொடுக்க வேண்டுமானால், பயிற்சி பெற்ற இருவரேனும் அவரோடு இறங்க வேண்டும். அந்த இருவரும் புதியவர்களை அழைத்துக்கொண்டு ஏற்கெனவே நீரில் இருந்தனர். அவர்கள் கரையேறும் வரை டீச்சரம்மா காத்திருந்தார். அதற்குள் அடுத்த அணியில் பிள்ளைகள் நின்றார்கள். பிள்ளைகள் போகட்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்த முறையும் அதுவே நடந்தது. உயிர்காப்பு உடையைக் கழற்றாமல், மலைக்குளிரில், படகுத்துறைப் படிக்கட்டில் அவர் அமர்ந்திருந்தார். பத்து மணிக்கு மேல் மேகம் இறங்கி எதிர்க்கரை மறைந்தது. சுற்றுலாப் படகுகளின் நேரமும் தொடங்கிவிட்டது என்று கதவு மூடப்பட்டது. முதல் பேருந்தில் வந்தவர் துடுப்பில் நீர்கூடப் படாமல் ஊர் திரும்பினார். அவர் எங்களிடம் கோபப்படவில்லை. தங்களைப் பற்றியும் ஒரு குறையும் சொல்லவில்லை. இனி நான் வந்தால் உங்களில் யாரோ ஒருவருக்கு இடம் போய்விடும், ஆகவே வரவில்லை என்று மட்டும் சொன்னார்.

எங்களால் பொறுத்துக்கொள்ள முடியாதது இதுதான். படகுகளை எண்ணும் ஆணை வலுவானவர்களைத் தடுப்பதில்லை. அவர்கள் நால்வராகவும் போவார்கள், தனியாகவும் போவார்கள். முதியவரையும், பயந்த பிள்ளையையும், முதல் நாள் துடுப்பு பிடிப்பவரையும்தான் அது கரையில் நிறுத்துகிறது. அவர்களைச் சுமந்து செல்லும் ஆற்றல் பெரிய குழுவுக்கே உண்டு. அந்த ஆணையைத் திரும்பப் பெறுங்கள் என்று மீண்டும் கேட்கிறோம்.

சில காலத்துக்கு முன் ஏரியின் ஓரங்களில் சிக்கிக் கிடந்த நெகிழிப் புட்டிகளை அகற்ற வேண்டும் என்று எங்களுக்கு அழைப்பு வந்தது. சுற்றுலாப் படகுகள் நுழைய முடியாத கோரைப் புதர்களுக்குள் கயாக் நுழையும் என்பதால் எங்களை அழைத்தீர்கள். இருக்கும் படகுகள் அனைத்தையும் கொண்டுவரச் சொன்னீர்கள். மகிழ்ச்சியோடு கொண்டுவந்தோம். அன்று எத்தனை படகுகள் நீரில் இருந்தன என்பதைத் தங்கள் அலுவலகம் எடுத்த ஒளிப்படங்களிலேயே காணலாம். ஏரியைத் தூய்மை செய்யும்போது கூட்டமாக இருக்கலாம், அதே ஏரியில் பயிற்சி செய்யும்போது நால்வருக்கு மேல் கூடாது என்றால், அதன் நியாயத்தை எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் எவ்வாறு எடுத்துச் சொல்வது? இம்மலையில் பிறந்தவர்களுக்கு இது பழகிய வருத்தம். இரண்டு நாள் தங்கிச் செல்ல வருவோருக்காகச் சாலைகளும் பூங்காக்களும் படகுத்துறைகளும் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. 2024 மே முதல் மலையேறும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கும் அளவுக்கு நெரிசல் முற்றிய பிறகும், ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்வோர் எந்த நேரத்தில் எங்கே நடக்கலாம், எங்கே அமரலாம் என்பது கடைசியாகவே யோசிக்கப்படுகிறது. சந்தைக்குச் செல்லும் காய்கறி வண்டி மணிக்கணக்கில் நிற்கும் துன்பத்தையும், நோயாளியை மலையிறக்கும் துன்பத்தையும் பேசத் தொடங்கினால் இம்மடல் முடியாது. அவை வேறு மடலுக்கு உரியவை. இங்கே ஏரியைப் பற்றியே கேட்க வந்தோம்.

கடலுக்கும் இம்மலையின் நீர்நிலைகளுக்கும் உள்ள உறவு எங்களோடு தொடங்கியதில்லை. மதுரை ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் கோடைக்கானல் ஏரியை உருவாக்கியபோது, அதற்கான முதல் படகு தூத்துக்குடியிலிருந்து கொண்டுவரப்பட்டது. மோட்டார் வண்டிச் சாலை இல்லாத அந்தக் காலத்தில் ஒரு படகை மலையேற்றியிருக்கிறார்கள். கடலோர மக்கள் மலைக்கு வந்து எங்களோடு துடுப்புப் போடுவதும், எங்கள் பிள்ளைகள் ஏரியில் கற்றுக் கடலுக்கு இறங்குவதும் அந்த உறவின் தொடர்ச்சியே. அதைக் கதவில் ஒட்டிய ஒரு தாள் நிறுத்திவிடக் கூடாது.

ஆகவே தங்களிடம் பணிவுடன் வேண்டுகிறோம். நான்கு படகு ஆணையைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக, கவிழ்ப்பு மீட்பில் பயிற்சி பெற்ற ஒருவருக்கு இத்தனை படகுகள் என்று ஒரு வரையறை செய்யுங்கள். அந்த எண்ணிக்கை எதுவாயினும் கட்டுப்படுவோம். உயிர்காப்பு உடை, ஊதல், பெயர்ப் பட்டியல் ஆகியவற்றைக் கட்டாயமாக்குங்கள். இப்போதே நாங்கள் அவற்றைப் பின்பற்றுகிறோம். மேகம் இறங்கும் நாட்களில் பயணத்தை நிறுத்தச் சொன்னால் மறுசொல் இன்றி நிறுத்துவோம். சுற்றுலாப் படகுகள் இறங்கும் நேரத்துக்கு முன்பே கரையேறிவிடுகிறோம். முடிவெடுக்கும் முன் தங்கள் அலுவலர் ஒருவரை எங்கள் பயிற்சிக்கு அனுப்பி வையுங்கள். அவர் பார்க்க, நடு ஏரியில் ஒருவரைக் கவிழச் செய்து, மற்றவர்கள் அவரை எவ்வளவு விரைவாகப் படகில் ஏற்றுகிறார்கள் என்பதைச் செய்து காட்டுகிறோம்.

வரும் மாசியில் மீண்டும் பாக் நீரிணைக்குச் செல்லவிருக்கிறோம். முதன்முறையாகக் கடல் காணப்போகும் பிள்ளைகள் இம்முறை பலர் இருக்கிறார்கள். பெரிய அணியில் நடுவே அமர்ந்து செல்வதை அவர்கள் இந்த ஏரியில்தான் பழக வேண்டும். நேராகக் கடலில் பழகச் சொல்ல எங்களுக்கு மனம் வராது. பயிற்சிக்குப் போதிய வாரங்கள் கிடைக்க வேண்டுமென்றால், மார்கழி தொடங்குவதற்குள் தங்கள் பதில் எழுத்து வடிவில் எங்களுக்குக் கிடைத்தாக வேண்டும். அவ்வாறு பதில் அளித்து உதவுமாறு மிகுந்த மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேல்மலைக் கயாக் குழுவினர்