கீழாநெல்லியும் உன் ஸ்கேனும்

அன்புள்ள சேகர்,

இத்தனை நாள் பதில் போடாததற்கு முதலில் திட்டி முடித்துவிடு, அப்புறம் படி. வீட்டில் எல்லோரும் சுகம்.

போன வாரம் தன் தங்கைக்கு ரத்தம் கொடுக்க எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த பையனுக்கு, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் பாசிட்டிவ். கண்ணில் மஞ்சள் இல்லை, ஈரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி. என்சைமும் நார்மல். எங்கிருந்து வந்திருக்கும் என்று மாணவர்களைக் கேட்டேன். ஊசி, பச்சை குத்தல், சகவாசம் என்று அடுக்கினார்கள். அம்மாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சோதித்தோம், அவருக்கும் பாசிட்டிவ். பெரியவர்களானபின் தொற்றினால் நூற்றில் 5 பேருக்கும் குறைவாகத்தான் இந்த வைரஸ் தங்கும். பிரசவத்தில் அம்மாவிடமிருந்து தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 90 பேருக்குத் தங்கிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி என்று நாம் அடித்துக்கொள்வது இதற்காகத்தானே? இவன் பிறந்தபோது அந்த ஊசி ஏது! நாடு முழுக்க அட்டவணையில் வந்ததே 2011-இல்.

அந்த அம்மா, "கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தா போயிடாதா டாக்டர்?" என்றார். பசங்க சிரித்துவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம். நம் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜன், ஆஸ்திரேலியா ஆன்டிஜெனை (இந்த பி வைரஸின் மேலுறைப் புரதம், ரத்தத்தில் இருந்தால் தொற்று இருக்கிறது என்று அர்த்தம்) கண்டுபிடித்த பிளம்பெர்க்கையே சேர்த்துக்கொண்டு 1988-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்: கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்த ஆன்டிஜென் மறைந்தது என்று. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதுதான், சிரிக்க என்ன இருக்கிறது? ஹெபடைடிஸ் ஏ-யும் ஈ-யும் பெரும்பாலும் தானாக ஆறிவிடுகின்றன, பெயர் பச்சிலைக்குப் போகிறது. (கர்ப்பிணிக்கு ஈ வந்தால் மட்டும் நமக்குத் தூக்கம் போச்சு.)

சரி, உன் விஷயம். ஸ்கேன் ரிப்போர்ட்டை, 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்தானே' (ஈரலில் கொழுப்பு) என்று பல்லிளிக்கும் பொம்மை போட்டு அனுப்பியிருக்கிறாய். ஒல்லிப்பிச்சானுக்கு வராது என்று எந்த வாத்தியார் சொன்னார்? நம் ஊரில் தொப்பையே இல்லாதவனுக்கும் வருகிறது. போதாததற்கு உனக்குச் சர்க்கரை வேறு. மாணவர்களுக்குச் சொல்வதையே உனக்கும் சொல்கிறேன்: அந்த கிரேடு கொழுப்பைத்தான் காட்டும், ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று சொல்லாது. வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற இரண்டு என்சைம்கள், ரத்தத்தின் பிளேட்லெட் எண்ணிக்கை, இந்த நான்கும் இருந்தால் தழும்புக்கு வாய்ப்பு எவ்வளவு என்று ஃபிப்-4 கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நீ அனுப்பியதில் பிளேட்லெட் இல்லை. நாளைக்கே எடுத்து அனுப்பு. உன் ராத்திரி பரோட்டாவைப் பற்றி அதற்கப்புறம் சண்டை போடலாம்.

அன்புடன்,
பாலு