அந்த அரை நிமிடத்தில் என் சொல்லைக் கேட்காதே

அன்புள்ள அக்கா மகளுக்கு,

விமானிகளுக்கான சிமுலேட்டர் பயிற்சி முடிந்து நீ வீட்டுக்கு வந்திருந்த அன்று, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகும் நீ மட்டும் இலைக்கு முன் உட்கார்ந்தபடியே என்னிடம் ஒன்று கேட்டாய். "மாமா, கட்டுப்பாட்டு அறையிலிருந்து நீங்கள் இறங்கச் சொல்லும்போது, விமானத்தில் இருக்கும் மோதல் தவிர்ப்புக் கருவியான டீகாஸ் ஏறச் சொன்னால் நான் யார் சொல்வதைக் கேட்பது?" விதி உனக்குத் தெரியும், தேர்விலும் சரியாகத்தான் எழுதியிருப்பாய். இருந்தும், இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரேடார் திரைக்கு முன் உட்கார்ந்து விமானிகளுக்கு உயரம் சொல்லி வரும் என் வாயால் அதைக் கேட்க விரும்பினாய் என்று புரிந்துகொண்டேன். அன்று ஒரு வரியில் சொன்ன பதிலை இன்று முழுமையாக எழுதுகிறேன்: டீகாஸ் சொல்வதைக் கேள், என் சொல்லைக் கேட்காதே.

என் திரையில் உன் விமானத்தின் இடமும் உயரமும் சில நொடிகளுக்கு ஒருமுறைதான் மாறுகின்றன. ஆகவே நான் பார்ப்பது எப்போதும் சற்று முன்பு நீ இருந்த இடத்தை. உன் கருவியோ ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை எதிர் விமானத்தின் டிரான்ஸ்பாண்டரை, அதாவது கேட்டால் தன் உயரத்தைச் சொல்லும் கருவியை, நேரடியாகக் கேட்டு, தூரமும் உயர வேறுபாடும் எவ்வளவு விரைவாகக் குறைகின்றன என்று கணக்கிடுகிறது. அதைவிட முக்கியமானது, இரண்டு விமானங்களின் கருவிகளும் தமக்குள் பேசி, ஒன்று ஏற வேண்டும் மற்றொன்று இறங்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்கின்றன. அந்த உடன்பாடு எனக்குத் தெரியாது. உங்களில் ஒருவர் சொன்னால்தான் தெரியும். தெரியாமல் நான் சொல்லும் ஒரு சொல், அந்த உடன்பாட்டில் பாதியை உடைத்துவிடும்.

2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே அதுதான் நடந்தது. மாஸ்கோவிலிருந்து பார்சிலோனாவுக்குப் பள்ளிக் குழந்தைகளோடு சென்ற டுபொலேவ் 154 விமானமும், பெர்கமோவிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்குச் சென்ற போயிங் 757 சரக்கு விமானமும் ஒரே உயரத்தில், 36,000 அடியில், ஒன்றையொன்று நெருங்கின. சூரிச் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் மட்டும் இரண்டு இருக்கைகளின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஓய்வில் இருந்தார். பராமரிப்புப் பணி காரணமாக ரேடார் அமைப்பு குறைந்த வசதிகளோடு இயங்கியது, திரையில் வரவேண்டிய மோதல் எச்சரிக்கை வரவில்லை, முதன்மைத் தொலைபேசி இணைப்பும் இல்லை. ஆபத்தைக் கண்ட பக்கத்துக் கட்டுப்பாட்டு மையத்தினர் அவரை அழைக்க முயன்றும் இணைப்புக் கிடைக்கவில்லை. மோதலுக்கு 43 நொடிகள் இருக்கும்போதுதான் அவர் டுபொலேவை இறங்கச் சொன்னார். ஏழு நொடிகள் கழித்து அதே விமானத்தின் டீகாஸ் ஏறச் சொன்னது. போயிங்கின் டீகாஸ் இறங்கச் சொன்னது. போயிங் இறங்கியது. தன் கட்டளையை மீண்டும் சொன்ன கட்டுப்பாட்டாளரை நம்பி டுபொலேவும் இறங்கியது. எதிர் விமானம் வலப்பக்கம் இருப்பதாக அவர் சொன்னபோது அது உண்மையில் இடப்பக்கம் இருந்தது. 71 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

நீ துணை விமானி என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த விமானத்தில் கருவி ஏறச் சொல்கிறது என்று எடுத்துச் சொன்னவர் துணை விமானிதான். மூத்தவர்கள் இருவர் முன் இருக்கைகளில் இருந்ததால் அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். தரையில் இருப்பவர் நம்மை இறக்குகிறார் என்ற பதில்தான் அவருக்குக் கிடைத்தது. அந்தத் தலைமை விமானியை நான் குறை சொல்லமாட்டேன். அன்றைய விதிகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன என்று விசாரணை அறிக்கையே சொல்கிறது. அதற்குப் பதினேழு மாதங்களுக்கு முன், 2001 ஜனவரி 31 அன்று ஜப்பானின் யாய்சு நகருக்கு அருகே பயிற்சியில் இருந்த ஒரு கட்டுப்பாட்டாளர் விமான எண்ணை மாற்றிச் சொன்னதால் இரண்டு பெரிய விமானங்கள் மயிரிழையில் தப்பியதும், ஏறச் சொன்ன கருவியை மீறி ஒரு விமானம் இறங்கியதும், ஏறக்குறைய நூறு பேர் காயமடைந்ததும் உலகுக்குத் தெரிந்திருந்தன. ஆனால் சர்வதேச நடைமுறை விதி 2003இல்தான் ஐயத்துக்கு இடமின்றித் திருத்தப்பட்டது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

நம் நாட்டில் 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே 349 பேர் இறந்தபோது, மோதிய விமானங்களில் இந்தக் கருவி இல்லை. அதன் பிறகுதான் இங்கே கட்டாயமானது. கையில் இருப்பதன் விலையை நீ அறிந்திருக்க வேண்டும்.

"டிராஃபிக், டிராஃபிக்" என்ற முதல் எச்சரிக்கையில் திசையையோ உயரத்தையோ மாற்றாதே, தயாராகு, அவ்வளவுதான். "கிளைம்ப்" என்றோ "டிசென்ட்" என்றோ குரல் வந்தால் ஐந்து நொடிக்குள், பதற்றமில்லாமல், ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் முள்ளைப் பச்சைப் பட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். எதிர் விமானம் கண்ணில் பட்டுவிட்டது என்று எண்ணிக் கருவியை மீறாதே, நீ பார்த்தது வேறொரு விமானமாக இருக்கலாம். இறக்கைகள் தூக்கும் விசையை இழக்கும்போது வரும் ஸ்டால் எச்சரிக்கையும், காற்று திடீரென மாறும்போது வரும் விண்ட்ஷியர் எச்சரிக்கையும், தரை நெருங்கும் எச்சரிக்கையும் மட்டுமே இதற்கு மேலானவை.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில், ஒரு விமானம் எனக்குக் கீழ்ப்படிந்துதான் ஏறிக்கொண்டிருந்தது. அது நிற்க வேண்டிய உயரத்துக்கு ஆயிரம் அடி மேலே இன்னொன்று. ஏறிய வேகம் மிக அதிகம். அது நிற்கப்போகிறது என்பது மேலே இருந்த கருவிக்கு எப்படித் தெரியும்? மேல் விமானத்திலிருந்து "டீகாஸ் ஆர்ஏ", அதாவது கருவியின் கட்டளைப்படி நடக்கிறோம், என்று குரல் வந்தது. பேசும் பொத்தானில் இருந்த என் விரல் நடுங்கியது. எடுத்துவிட்டேன். திரையில் உயர எண்கள் மாறுவதைப் பார்த்தபடி காத்திருந்தேன். ஆகவே, குறித்த உயரத்துக்கு முந்தைய ஆயிரம் அடியில் ஏறும் வேகத்தை நிமிடத்துக்கு 1,500 அடிக்குள் குறைத்துக்கொள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

புறப்படுவதற்கு முன் உன் தலைமை விமானியிடம் இதைப் பற்றி வாய்விட்டுப் பேசு. மேலே, கருவி சொல்வதற்கு எதிராக அவர் கை போனால், உரக்கச் சொல். ஒருமுறை போதாதென்றால் மறுமுறையும் சொல்.

என்றாவது என் அலைவரிசையில் உன் குரல் வரலாம். "டீகாஸ் ஆர்ஏ" என்று நீ சொன்னால் நான் "ரோஜர்" என்பேன். "கிளியர் ஆஃப் கான்ஃபிளிக்ட்", மோதல் ஆபத்து நீங்கியது, என்று நீ சொல்லும்வரை உன் விமானத்துக்கு வேறு எந்தக் கட்டளையும் என்னிடமிருந்து வராது.

அன்புடன்,
உன் மாமா